வெட்டாமல் வெட்டுவது

கம்பத்திலிருந்து கேரள எல்லையிலுள்ள கம்பம்மெட்டுக்கு ஏறும் மலைச்சாலை. விடியற்காலை. ஏலத்தோட்ட வேலைக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்பின் பின்புறம் தொற்றிக்கொண்டு நிற்கும் இளைஞர் ஒருவர் கைபேசியை நீட்டி ஒரு நிமிடம் வீடியோ எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல்களும் தென்னந்தோப்புகளும். எதிரே மலையை மறைத்துக்கொண்டு பனிமூட்டம். சாலையோரத்தில் காற்று உலுக்கும் இலைகள். சாயங்காலம் அந்த ஒரு நிமிடத்தில் இருபது விநாடியை மட்டும் எடுத்து, இளையராஜா பாட்டு ஒன்றைச் சேர்த்து (அவரும் இதே மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்துக்காரர்தானே), ‘நம்ம ஊரு’ என்று எழுத்துப் போட்டு ஸ்டேட்டஸில் வைத்துவிடுகிறார். பத்து நிமிட வேலை.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் கைபேசி என்ன செய்தது என்பதுதான் இந்த அத்தியாயம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம்: அவர் எதையும் வெட்டவில்லை.

விரலால் வீடியோவின் இரு முனைகளையும் இழுத்துச் சுருக்கினாரே, அப்போது நினைவகத்தில் இருந்த மூலக் கோப்பில் ஒரு பைட்கூட அசையவில்லை. செயலி ஒரு குறிப்பு எழுதிக்கொண்டது, அவ்வளவுதான். ‘இன்ன பெயருள்ள கோப்பு, அதில் பதினெட்டரையாவது விநாடியிலிருந்து இருபது விநாடி நீளம், இதை முதலில் காட்டு.’ பாட்டைச் சேர்த்தபோது இரண்டாவது குறிப்பு. எழுத்துக்கு மூன்றாவது. பச்சையைக் கொஞ்சம் தூக்கியிருந்தால், ‘இந்தத் துண்டைக் காட்டும்போது பச்சையை இவ்வளவு கூட்டிக் காட்டு’ என்று நான்காவது. திரையின் அடியில் நீளநீளமாகத் தெரியும் வண்ணப் பட்டைகளை டைம்லைன் என்கிறார்கள். அங்கே வீடியோ கிடையாது. அது குறிப்புகளின் வரைபடம்.

கம்பம்மெட்டுக்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். பக்கத்துப் புற்றடியிலும் கீழே போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஏலக்காய் மின்னணு ஏலத்தில் மூட்டைகள் கூடத்துக்கு வருவதில்லை. சரக்கு கிடங்கில் கிடக்கும். வியாபாரியின் கையில் ஒரு பிடி மாதிரி, எதிரே திரையில் லாட் எண், எடை, விலை. கைமாறுவதெல்லாம் எண்தான், மூட்டையைத் தூக்குவது ஏலம் முடிந்து சரக்கு கிளம்பும்போதுதான். எடிட்டிங் மென்பொருளும் ‘எக்ஸ்போர்ட்’ பொத்தானை அழுத்தும்வரை மூட்டைப் பக்கம் போவதே இல்லை.

எத்தனை முறை வேண்டுமானாலும் மனம் மாறலாம், பழைய நிலைக்குத் திரும்பலாம், ஒரே துண்டைப் பத்து இடத்தில் வைக்கலாம் என்கிற வசதிகளெல்லாம் இதிலிருந்து வருபவை. மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவின் ‘புராஜெக்ட்’ கோப்பு சில மெகாபைட்டுக்குள் அடங்குவதும் இதனால்தான். ஸ்டுடியோக்காரர்களின் வயிற்றைக் கலக்கும் சிவப்புத் திரையும் இதன் பலனே: வீடியோ இருந்த ஹார்ட்டிஸ்க்கை யாராவது உருவிவிட்டால், குறிப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கும், காட்டுவதற்கு எதுவும் இருக்காது. ‘மீடியா ஆஃப்லைன்’ என்று மென்பொருள் கையை விரித்துவிடும்.

இந்த யோசனை கணினியோடு பிறந்ததல்ல. படச்சுருள் காலத்து எடிட்டர் மேசையில் கத்தரியும் ஒட்டுநாடாவும் உண்டு. ஆனால் அவர் வெட்டியது நெகட்டிவை அல்ல. நெகட்டிவிலிருந்து எடுத்த ரஷ் பிரிண்ட் என்ற பாசிட்டிவ் நகலைத்தான் மூவியோலா, ஸ்டீன்பெக் என்ற எடிட்டிங் இயந்திரங்களில் ஓட்டிப் பார்த்து வெட்டி ஒட்டினார். படச்சுருளின் விளிம்பில் எண்கள் பதிந்திருக்கும். எல்லாம் முடிவான பிறகு, அந்த எண்களைப் பார்த்து நெகட்டிவ் கட்டர் ஒருவர் மூலச்சுருளை ஒரே ஒரு முறை வெட்டுவார். 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 பிரேம், ஒரு நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. கழித்துக் கட்டிய சுருள்கள் தனி. ஒரு ஷாட்டைத் தேட உதவியாளர்கள் கூடையில் தொங்கும் துண்டுகளை விளக்கொளியில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நடுவில் வந்த வீடியோ கேசட் ஒரு விதத்தில் பின்னடைவு. கேசட்டை வெட்ட முடியாது. இரண்டு டெக்குகளை இணைத்து, ஒன்றில் ஓடுவதை மற்றொன்றில் பதிவு செய்துகொண்டே போக வேண்டும். நம்மூர் ஸ்டுடியோக்களில் இதற்கு ‘மிக்ஸிங்’ என்று பெயர். எல்லாம் முடிந்து கேசட்டைக் கொடுத்த பிறகு, “அண்ணே, எங்க சித்தப்பா மொய் எழுதுற இடத்துல மூஞ்சியே தெரியல, அத மட்டும் கொஞ்சம் சேத்துக் குடுத்திருங்கண்ணே” என்று யாராவது வந்து நின்றால் தீர்ந்தது கதை. இருபதாவது நிமிடத்தில் ஐந்து விநாடியைச் செருக வேண்டுமானால், அதற்குப் பிந்தைய முழுவதையும் மறுபடி பதிய வேண்டும். அல்லது இருப்பதை நகலெடுத்து நகலுக்குள் செருக வேண்டும். ஒவ்வொரு நகலிலும் நிறம் வடிந்துகொண்டே போகும். பழைய கல்யாணக் கேசட்டுகளில் மணப்பெண்ணின் அரக்குப் பட்டு சாயம் கலங்கியதுபோல் தெரிவதற்குக் காலம் மட்டும் காரணமல்ல.

கணினியில் எந்தப் பிரேமுக்கும் உடனே தாவி, எந்த வரிசையிலும் அடுக்கிப் பார்க்கும் கருவி 1971இலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் சி.பி.எஸ். நிறுவனமும் மெமோரெக்ஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய சி.எம்.எக்ஸ். 600 அது. விலை 2,50,000 டாலர். காட்டிய படமோ தரம் குறைந்த கறுப்பு-வெள்ளை. அன்றைய வட்டுகளின் கொள்ளளவு அவ்வளவுதான். 1989இல் ஏவிட் என்ற எடிட்டிங் மென்பொருள் வந்த பிறகே இந்த முறை நிலைபெற்றது. இந்தியாவில் ஏவிட் கொண்டு தொகுக்கப்பட்ட முதல் படமாகக் குறிப்பிடப்படுவது 1994 பொங்கலுக்கு வந்த கமல்ஹாசனின் ‘மகாநதி’. கணினியில் தொகுக்கப்பட்ட படம் ஒன்று எடிட்டிங்குக்கான ஆஸ்கர் விருதை முதன்முதலில் வென்றதே 1997இல்தான்: ‘தி இங்கிலீஷ் பேஷன்ட்’, தொகுப்பாளர் வால்டர் மர்ச். நம்மவர்கள் தாமதமாக வந்து சேர்ந்தவர்கள் அல்ல.

இதுவரை சொன்னது எளிய பாதி. வீடியோ என்பது வரிசையாக அடுக்கிய படங்கள், அதில் இந்தப் படத்திலிருந்து அந்தப் படம்வரை என்று குறித்தால் போதும் என்ற எண்ணத்தில்தான் அவ்வளவும் சொன்னேன். கைபேசியில் இருக்கும் கோப்பு அப்படி அடுக்கிய படங்களே அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். சாதாரண ‘ஃபுல் எச்.டி.’ படத்தில் 1920க்கு 1080 புள்ளிகள், அதாவது 20,73,600. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். ஒரு பிரேமுக்கு ஏறக்குறைய 62 லட்சம் பைட். விநாடிக்கு 30 பிரேம் என்றால், ஜீப்பில் எடுத்த அந்த ஒரு நிமிடத்துக்கு 11 ஜிகாபைட்டுக்கு மேல் வேண்டும். ஆனால் கைபேசியில் பார்த்தால் அது 120 மெகாபைட் சுமாருக்குத்தான் இருக்கும். தொண்ணூறில் ஒரு பங்கு. மீதி எங்கே போயிற்று?

கொஞ்சம் நம் கண்ணின் பலவீனத்தில் போயிற்று. வெளிச்ச வேறுபாட்டைக் காணும் அளவு கூர்மையாக நிற வேறுபாட்டை நம் கண் காண்பதில்லை. எனவே வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒன்றாகச் சேமிக்கிறார்கள். அதிலேயே பாதி மிச்சம்.

அடுத்த கட்டத்தில் இந்தியப் பெயர்கள் வருகின்றன. படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் மெதுவாக மாறும் அலை, வேகமாக மாறும் அலை என்று பல அலைகளின் கூட்டாக எழுதலாம். பெரும்பாலான சதுரங்களில் மெதுவான அலைகள் சிலவே வலுவாக இருக்கும். வேகமான அலைகளைக் கழித்துவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. ‘தனித்த கோசைன் உருமாற்றம்’ என்ற இந்தக் கணிதத்தை 1974 ஜனவரியில் வெளியிட்டவர்கள் மூவர். பெங்களூரில் பிறந்து பொறியியல் படித்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான நசீர் அகமது, அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த டி. நடராஜன், மதராஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்ற கே.ஆர். ராவ். இந்த ஆராய்ச்சிக்காக நசீர் அகமது 1972இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். யோசனை ரொம்பவும் எளிமையாக இருக்கிறதென்று சொல்லி மறுத்துவிட்டார்கள். இன்று ஜேபெக் புகைப்படமும், கைபேசி வீடியோவும், டி.டி.எச். ஒளிபரப்பும் அந்த எளிமையின் மீதுதான் நிற்கின்றன.

மூன்றாவது சேமிப்புதான் மிகப் பெரியது. எடிட்டிங்கோடு நேராக மோதுவதும் அதுதான். ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையே விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம். அதற்குள் மலை எங்கேயும் போய்விடாது. எனவே கைபேசி ஏறக்குறைய விநாடிக்கு ஒரு பிரேமை மட்டும் முழுப் படமாகப் பதிகிறது. அதற்குக் கீ பிரேம் என்று பெயர். இடையில் உள்ள மற்ற பிரேம்களில் படம் இல்லை; மாற்றம் மட்டும் இருக்கிறது. ‘முந்தைய பிரேமில் இங்கிருந்த சதுரம் இப்போது ஐந்து புள்ளி இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது, இந்த மூலையில் மட்டும் வெளிச்சம் கொஞ்சம் குறைந்திருக்கிறது’ என்ற மட்டில் எழுதியிருக்கும். சில பிரேம்கள் முன்னே வந்ததைப் பார்த்து எழுதப்பட்டவை. சில இன்னும் வினோதமானவை: பின்னால் வரப்போகும் பிரேமையும் சேர்த்துப் பார்த்து எழுதப்பட்டவை. அவற்றை விரிக்க வேண்டுமென்றால் முதலில் எதிர்காலத்தை விரித்தாக வேண்டும். அதனால் கோப்புக்குள் பிரேம்கள் இருக்கும் வரிசை வேறு, திரையில் வரும் வரிசை வேறு.

நம் இளைஞர் தொடக்கத்தை வைத்தது பதினெட்டரையாவது விநாடியில். அந்த இடத்தில் கோப்புக்குள் ஒரு படமே கிடையாது, முந்தைய படத்தைச் சார்ந்த சில திருத்தங்கள்தாம் இருக்கின்றன. மென்பொருள் சத்தமில்லாமல் பதினெட்டாவது விநாடியின் கீ பிரேமுக்குப் பின்னோக்கிப் போய், அங்கிருந்து பதினைந்து பிரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி, அவர் கேட்ட பிரேமை உருவாக்கிக் கொடுக்கிறது. விரலை டைம்லைனில் முன்னோக்கி நகர்த்தும்போது படம் வழுக்கிக்கொண்டு போவதும், பின்னோக்கி இழுத்தால் திக்கித் திணறுவதும் இதனால்தான். பின்னோக்கிப் போகையில் ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு கீ பிரேமைத் தேடிப் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. எடிட்டிங் மென்பொருளின் உள்ளுழைப்பில் பெரும் பகுதி இந்த ஓட்டத்துக்கே செலவாகிறது. விரித்த பிரேம்களை நினைவகத்தில் அடுக்கி வைப்பது, அடுத்து எதைக் கேட்பார்கள் என்று ஊகித்து முன்கூட்டியே விரித்து வைப்பது எல்லாம் இதற்காகத்தான்.

இதைத் தவிர்க்கத் தொழில்முறை எடிட்டர்கள் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, ஒவ்வொரு பிரேமும் முழுப் படமாகவே இருக்கும் கோப்பு வகைக்கு முதலிலேயே மாற்றிக்கொள்வது. ஆப்பிள் 2007இல் கொண்டுவந்த புரோரெஸ் அப்படிப்பட்டது. இடம் தாராளமாகப் பிடிக்கும், ஆனால் எங்கே கை வைத்தாலும் படம் தயாராக நிற்கும். இன்னொன்று, பிராக்ஸி: அளவு குறைந்த நகலை வைத்து வேலையை முடித்துவிட்டு, கடைசியில் அதே குறிப்புகளை மூலக் கோப்பின் மேல் ஏற்றுவது. ரஷ் பிரிண்ட்டும் விளிம்பெண்ணும் வேறு வேடத்தில் வந்திருக்கின்றன.

மலைப்பகுதியில் வீடியோ எடுப்பவர்களுக்கு இந்தச் சுருக்கக் கணிதம் இரண்டு விதத்தில் வினையாகும். காற்றில் ஆடும் இலைகள் ஒன்று. ‘சதுரம் இடப்பக்கம் நகர்ந்தது’ என்று எழுதிச் சமாளிக்க முடியாதபடி ஆயிரக்கணக்கான இலைகள் ஆயிரம் திசையில் திரும்புகின்றன. விநாடிக்கு இவ்வளவு பைட்தான் என்ற கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் கைபேசி திணறிப்போய், பச்சையை ஒரு கூழாகக் கரைத்துவிடும். மற்றொன்று அதற்கு நேரெதிர்: பனிமூட்டம். மூட்டத்தில் சுருக்குவதற்குச் சிரமமே இல்லை. வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மெல்ல மெல்ல மாறும் பரப்பு அது. ஆனால் சாதாரணக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. மூட்டத்தின் முழு விரிவும் அந்த 256இல் ஒரு பதினைந்து இருபது படிக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. வீட்டுக்கு வந்து ‘கான்ட்ராஸ்ட்’டைக் கூட்டினால் அந்தப் படிகள் விலகி, வானத்தில் பட்டை பட்டையாக வரப்பு கட்டினாற்போல் தெரியும். நிறத்துக்கு 1024 படிகள் உள்ள 10 பிட் பதிவை விலையுயர்ந்த கேமராக்கள் வைத்திருப்பது இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான்.

நிறத்தைத் திருத்துவது என்பது மொத்தத்தில் ஓர் அட்டவணை. ‘இந்தச் சிவப்பு-பச்சை-நீலக் கலவை வந்தால் அதற்குப் பதில் இதைக் காட்டு’ என்று 33க்கு 33க்கு 33 என்ற முப்பரிமாணக் கட்டத்தில் 35,937 வரிகள். இடையில் வரும் நிறங்களைப் பக்கத்து வரிகளிலிருந்து கணித்துக்கொள்வார்கள். ஒரு காட்சி மறைந்து அடுத்தது தோன்றும் ‘டிசால்வ்’ இதைவிடச் சுலபம். பழைய காட்சியில் ஒரு புள்ளியின் வெளிச்சம் 200, புதிய காட்சியில் அதே இடத்தில் 40 என்றால், பாதி வழியில் 120; முக்கால் வழியில் 80. இருபது லட்சம் புள்ளிகளுக்கும் விநாடிக்கு முப்பது முறை இதைச் செய்ய வேண்டும் என்பதால் அந்த வேலை கிராபிக்ஸ் சில்லுக்குப் போகிறது. ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளை ஒரே நேரத்தில் போடவே அது பிறந்தது. மாயமாகத் தெரியும் விளைவுகள் பலவும் இப்படிப் பெருக்கலும் கூட்டலுமாகத்தான் முடிகின்றன.

எங்கே வெட்டுவது என்பதை மட்டும் எந்த அட்டவணையும் சொல்லாது. தேனி–இடுக்கி எல்லை மலைகளில் எடுக்கப்பட்டு 2018 ஆகஸ்டில் வெளியான ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யை இதற்காகவே ஒரு முறை பார்க்கலாம். லெனின் பாரதி இயக்கியது; ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர், படத்தொகுப்பு மு. காசி விஸ்வநாதன். சுமை தூக்கி மலையேறும் தொழிலாளியின் நடையை அந்தப் படம் நடையாகவே விட்டுவைக்கிறது. வேறு எடிட்டராக இருந்தால் ‘ஏறினார், வந்து சேர்ந்தார்’ என்று இரண்டு ஷாட்டில் முடித்திருப்பார். மென்பொருள் அதையும் இதே பணிவோடு எழுதிக்கொண்டிருக்கும். நிலத்துக்காக உழைத்தவன் அதே நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாக உட்காருவது நம்மைத் தாக்குவதற்கு, முன்னால் அந்த ஏற்றங்களில் நம்மையும் மூச்சு வாங்க வைத்ததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒலிக்கு வருவோம். இங்கே பிழை நேர்ந்தால் பாமரரும் கண்டுபிடித்துவிடுவார். படம் விநாடிக்கு 30 துண்டு. ஒலி விநாடிக்கு 48,000 துண்டு. ஒரு பிரேமுக்கு 1,600 ஒலித்துண்டு என்று இரண்டும் கைகோத்துப் போக வேண்டும். ஒலிப்பதிவுக் கருவி கடிகாரம்போல் நடக்கும். கைபேசி கேமரா அப்படியல்ல. மண்டபத்தில் வெளிச்சம் குறைந்தாலோ, கைபேசி சூடேறினாலோ, விநாடிக்கு 30 என்பதை 29, 28 என்று இறக்கிக்கொள்ளும். சராசரி 29.9தான் என்று வையுங்கள். பத்து நிமிடத்தில் 17,940 பிரேம். மென்பொருள் அதை 30 என்று நம்பி ஓட்டினால் படம் 598 விநாடியில் முடிந்துவிடும். ஒலி 600 விநாடி ஓடும். இரண்டு விநாடி வித்தியாசம். மாப்பிள்ளை தாலி கட்டி முடித்துக் கையை எடுத்த பிறகு கெட்டிமேளம் முழங்கும். இதை அறிந்த எடிட்டர்கள், கைபேசியில் எடுத்த வீடியோவை முதலில் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொண்ட பிறகே டைம்லைனில் ஏற்றுவார்கள்.

மண்டபத்து ட்யூப் லைட்டும் ஒரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த ட்யூப் லைட் விநாடிக்கு நூறு முறை மங்கி ஒளிரும். ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு விநாடி திறந்திருந்தால் சரியாக இரண்டு ஒளிர்வு உள்ளே வரும். அறுபதில் ஒரு பங்கு என்றால் ஒன்றே முக்காலுக்கும் குறைவு. அதனால் கறுப்புப் பட்டைகள் திரையில் மேலும் கீழும் ஊரும். அமெரிக்க மின்சாரத்துக்கு ஏற்ற அமைப்பில் கேமராவை வைத்துக்கொண்டு உள்ளூர் மண்டபத்தில் எடுத்தால் வரும் வினை இது. எடுத்த பிறகு மென்பொருளால் ஓரளவுதான் மறைக்க முடியும்.

எல்லைக் கல்யாணங்களில் இன்னொரு வேலை சேரும். பெண் வீடு கம்பத்தில், மாப்பிள்ளை வீடு நெடுங்கண்டத்தில் என்றால், தொடக்க அட்டையில் பெயர்கள் தமிழிலும் வேண்டும், மலையாளத்திலும் வேண்டும். ‘கேரளா’ என்ற சொல்லின் முதல் எழுத்தை யூனிகோட் முறையில் சேமிக்கும்போது ‘க’ முதலில், ஏகாரக் குறி அடுத்து. காட்டும்போது குறி முன்னால் வர வேண்டும். மலையாளத்துக்கும் இதே சிக்கல், கூடவே கூட்டெழுத்துகளும். இப்படி வரிசை மாற்றிக் கோக்கும் பகுதி பழைய எடிட்டிங் மென்பொருள்களில் இல்லை. ஆங்கில எழுத்தைப்போல் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பெயரைச் சிதைத்துவிடும். அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சு செய்யும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், மற்ற இடங்களில் மதிப்பிழந்த பிறகும், ஸ்டுடியோக் கணினிகளில் நெடுநாள் உயிரோடிருந்தன. பெயரைப் படமாகச் செய்து ஒட்டிவிடுவது இன்னொரு குறுக்கு வழி.

கல்யாண ஸ்டுடியோக்களின் கணினிகளில் ஜப்பானில் பிறந்த எடியஸ், இளைஞர் கைபேசியில் கொரியாவின் கைன்மாஸ்டர், திரைப்படக் கூடங்களில் ஏவிட், பிரீமியர், டாவின்சி ரிசால்வ் என்று பெயர்கள் மாறினாலும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். டாவின்சி ஒரு காலத்தில் பெரிய லேப்களால் மட்டுமே வாங்க முடிந்த நிறத்திருத்தக் கருவி. பிளாக்மேஜிக் நிறுவனம் 2009இல் அதை வாங்கி, பின்னர் ஒரு பதிப்பை இலவசமாகவே விட்டது. கருவி எல்லோர் கைக்கும் எட்டி, சின்ன வீரமங்கலம் என்ற கிராமத்திலிருந்து புறப்பட்ட ‘வில்லேஜ் குக்கிங்’ யூடியூப் சேனல் 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தாண்டிய காலம் இது. 2020 ஜூன் இறுதியில் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் டிக்டாக்கோடு விவாவீடியோ என்ற எடிட்டிங் செயலியும் போயிற்று. பழகியவர்கள் சீக்கிரமே வேறொன்றுக்கு மாறிக்கொண்டார்கள். அதே ஆண்டு கொரோனா ஊரடங்கில், ‘விஸ்வரூபம்’ படத்தைத் தொகுத்த மகேஷ் நாராயணன், ஐபோனில் காட்சிகளை எடுத்து ‘சி யூ சூன்’ என்ற மலையாளப் படத்தை இயக்கித் தானே தொகுத்தார். ஏறக்குறைய முழுப் படமும் கணினி, கைபேசித் திரைகளுக்குள் நடக்கிறது. உரையாடல் பெட்டியும் வீடியோ அழைப்பும் தட்டச்சாகும் எழுத்தும் எடிட்டிங் மேசையில் கட்டப்பட்டவை. அங்கே தொகுப்பு எது, படப்பிடிப்பு எது என்று பிரிக்கவே முடியாது.

இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டிலும் இல்லாத பொருள் ஒன்று பிறக்கிறது. ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறாண்டுக்கு முன் இதைக் காட்டினார்: உணர்ச்சியற்ற ஒரே முகத்தை, ஒரு கிண்ணம் சூப்போடு சேர்த்தால் பசியாகவும், சவப்பெட்டியோடு சேர்த்தால் துயரமாகவும் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. கம்பம்மெட்டுக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. 2011 நவம்பரில் ‘டேம் 999’ என்ற படத்தைத் தமிழக அரசு தடை செய்தது. 1975இல் சீனாவில் உடைந்த பான்சியாவ் அணையை மனதில் வைத்து எடுத்ததாக இயக்குநர் சோஹன் ராய் சொன்னார். அணை உடையும் காட்சியைப் பார்க்கிற எவருடைய மனமும் முல்லைப் பெரியாறு அணையைத்தான் பக்கத்தில் வைத்துத் தொகுத்துக்கொள்ளும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். அடுத்த மாதமே அந்த அணை குறித்த தமிழக–கேரளப் பதற்றத்தில் குமுளி, கம்பம்மெட்டு வழிகளில் போக்குவரத்து நாள்கணக்கில் நின்றுபோனது. அப்போது ஒவ்வொருவர் கையிலும் ஸ்மார்ட்போன் இல்லை. இன்று எங்கோ வேறு நாட்டில் அணை உடைந்த பத்து விநாடியையும், பெரியாறு அணையின் பழைய காட்சியையும் அடுத்தடுத்து வைக்க இரண்டு குறிப்புகள் போதும்.

எக்ஸ்போர்ட் செய்ததும் அந்தக் குறிப்புகள் தொலைந்துவிடுவதுதான் சிக்கல். வெளியே வரும் கோப்பில் படம் மட்டும் இருக்கும். எந்தக் கோப்பிலிருந்து, எந்த விநாடியிலிருந்து வந்தது என்ற விவரம் அதில் இராது. அடோபி, மைக்ரோசாஃப்ட், பி.பி.சி. உள்ளிட்டவை 2021இல் சேர்ந்து உருவாக்கிய சி2பிஏ என்ற கூட்டமைப்பு, அந்தக் குறிப்புகளின் சுருக்கத்தைக் குறியாக்கக் கையெழுத்தோடு கோப்பிலேயே பதிக்கும் முறையை முன்வைக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் என்ற சான்றுச் சட்டமோ மூலத்தின் பக்கம் நிற்கிறது. அதன் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றோடு தரும் சான்றிதழில் கோப்பின் ‘ஹாஷ்’ எண்ணைக் குறிப்பிட வேண்டும். ஒரு பிரேமை நீக்கிச் சேமித்தாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். சாலை விபத்தையோ அடிதடியையோ படம்பிடித்தவர், ‘தேவையான இடம் மட்டும் இருக்கட்டும்’ என்று நீளத்தைக் குறைத்துக் காவல் நிலையத்துக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழித்தால், ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

குறிப்பும் இல்லை, மூலமும் இல்லை என்ற நிலையிலும் ஒரு தடயம் எஞ்சுகிறது. அதைக் காட்டிக்கொடுப்பது கீ பிரேம். வெய்ஹோங் வாங், ஹானி ஃபரீத் என்ற ஆய்வாளர்கள் இருவர் 2006இல் இதை விளக்கினார்கள். முதல் பதிவில் ஒரு கீ பிரேமும் அதைச் சார்ந்தவையும் ஒரு குழுவாகச் சுருக்கப்பட்டிருக்கும். ஒரே குழுவைச் சேர்ந்த பிரேம்களின் சிறுபிழைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். நடுவில் சில பிரேம்களை உருவிவிட்டு மறுபடி சேமித்தால், பழைய குழுக்களின் எல்லையும் புதிய குழுக்களின் எல்லையும் பொருந்தாமல் போகும். புதிய குழுவொன்றுக்குள் பழைய எல்லை குறுக்கிடும் இடத்தில் கணிப்புப் பிழை திடீரென்று உயரும்; வெட்டிய இடத்திலிருந்து கடைசிவரை, சீரான இடைவெளியில், திரும்பத் திரும்ப உயரும். கண்ணால் காண முடியாத இந்த ஏற்ற இறக்கத்தை வரைபடமாகப் போட்டால், இங்கே உருவியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஒரு முழுக் குழுவின் நீளத்துக்குச் சரியாக உருவியிருந்தால் மட்டும் எல்லைகள் மறுபடி பொருந்தி, தடயம் நழுவிவிடும். வாட்ஸ்அப் வழியே வந்த வீடியோ அளவு சுருக்கப்பட்டு இன்னொரு முறை குழு கட்டப்பட்டிருக்கும் என்பதால், அங்கே இந்த அலை பெரிதும் மழுங்கியிருக்கும். ஆய்வகத்தில் முதலில் எடுத்த கைபேசியையே கேட்பது அதனால்தான்.